ஏப்ரல் பனியில தடமே இல்லாத மலை: ரெண்டு பேரா ஸ்னோஷூ மாட்டி ஏறி இறங்க ஒரு முழு வழிகாட்டி

காலைல ஆறு மணிக்கு சிமெண்ட் தரை மாதிரி கெட்டியா இருந்த அதே பனி, மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள தொடை வரைக்கும் உள்ள இழுக்கும். வசந்தத் தொடக்கத்துல மலை ஏறப் போற யாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான். நானும் என் நண்பனும் முதல் தடவ போனப்ப ஏற நாலு மணி நேரம், இறங்க அஞ்சரை மணி நேரம் ஆச்சு, எழுத்துப் பிழை இல்லீங்க, இறங்கத்தான் அதிக நேரம். ரெண்டு மணி நேரம் லேட்டா கிளம்பினோம், அது ஒண்ணுதான் தப்பு, மத்த எல்லாம் சரியா பண்ணியிருந்தோம், ஆனா மலைக்கு அந்த ஒரு தப்பே போதுமானதா இருந்துச்சு.

இது யாருக்குன்னா, ஏற்கனவே கொடி நட்ட, மார்க் பண்ண பாதையில நாலஞ்சு தடவ ஸ்னோஷூ (பனியில புதையாம நடக்க பூட்ஸுக்கு அடியில மாட்டுற அகலமான சட்டம்) போட்டு நடந்தவங்க, மேப்ல கான்டூர் கோடு (ஒரே உயரத்துல இருக்கற எடங்கள இணைக்கற கோடு) பாத்தா மலை எப்படி இருக்கும்னு ஓரளவு மனசுல வர்றவங்க, இப்ப பாதைய விட்டு வெளிய போய்ப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க. ஸ்னோஷூவையே முதல் தடவ மாட்டப் போறீங்கன்னா இத படிச்சு வச்சுக்கோங்க, ஆனா இந்த வருஷம் பாதையிலயே நடங்க. அப்புறம் பனிச்சரிவு பத்தி நான் இங்க எழுதுறது ஒரு அறிமுகம்தான், அதுக்குன்னு ரெண்டு மூணு நாள் கோர்ஸ் இருக்கு, பனிக்குள்ள நின்னு குழி தோண்டி சொல்லித் தருவாங்க, அத படிச்சுக் கத்துக்க முடியாது. திசை சொல்ற எடத்துல எல்லாம் வட அரைக்கோளத்த மனசுல வச்சு மார்ச் ஏப்ரல் கணக்குல சொல்றேன், தெற்க இருக்கிறவங்க வடக்கையும் தெக்கையும் மாத்திப் படிச்சுக்கோங்க.

முதல் வேலை: பனியோட கடிகாரத்தப் புரிஞ்சுக்கறது

குளிர்காலப் பனி வேற, வசந்தப் பனி வேற. டிசம்பர் ஜனவரியில பஞ்சு மாதிரி பொடியா இருக்கும், நாள் முழுக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். மார்ச் கடைசியில பகல்ல வெயில் மேல் பனிய உருக்கும், தண்ணி துகள்களுக்கு நடுவுல இறங்கும், ராத்திரி அது உறைஞ்சு எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டிடும். இப்படி பல நாள் உருகி உறைஞ்சு உருகி உறைஞ்சு கடைசியில சோள முத்து மாதிரி பெரிய உருண்டைத் துகளா ஆயிடும். உறைஞ்சு கெடக்கிறப்ப அதுமேல லாரியே ஓட்டலாம் போல இருக்கும். ஒட்டு விட்டுப் போச்சுன்னா ஈரச் சர்க்கரை மூட்டைக்குள்ள நடக்குற மாதிரிதான்.

இதுல பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், ராத்திரி உறையுமா உறையாதாங்கறத காத்தோட வெப்பநிலை மட்டும் முடிவு பண்றதில்ல. வானம் துடைச்ச மாதிரி தெளிவா இருந்தா பனியோட மேற்பரப்பு தன் சூட்ட நேரா ஆகாசத்துக்கு விட்டுடும், அதனால காத்து ரெண்டு மூணு டிகிரி பூஜ்யத்துக்கு மேல இருந்தாக்கூட மேல் பனி நல்லா உறைஞ்சிடும். மேகம் மூடியிருந்தா போர்வை போத்தின மாதிரி, சூடு வெளிய போகாது. அடர்ந்த காட்டுக்குள்ளயும் இதே கதைதான், மரக்கிளைகளே போர்வை, அதனாலதான் வெட்டவெளியில பாறையா இருக்குற பனி, காட்டுக்குள்ள நுழைஞ்சதும் பொதக் பொதக்னு உள்வாங்கும். அப்ப வானிலை பாக்குறப்ப வெறும் குறைந்தபட்ச வெப்பநிலைய மட்டும் பாத்துட்டு போனை மூடி வைக்காதீங்க, ராத்திரி மேகம் எவ்ளோன்னு கட்டாயம் பாருங்க. மேகமூட்டமான கதகதப்பான ராத்திரி, இல்ல மழை பேஞ்ச ராத்திரின்னா அன்னைக்கு காலைல கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கல, ஏற்கனவே நேரம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், வீட்லயே தூங்குங்க.

வெயில் முதல்ல கிழக்குச் சரிவத் தொடும், அப்புறம் தெற்கு, மத்தியானத்துக்கு மேல மேற்கு. வடக்குச் சரிவு ஏப்ரல்லகூட குளிர்காலப் பனியையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அதனால கிழக்குச் சரிவுல இறங்கப் போறவங்களுக்கு நேரம் ரொம்பக் கம்மி, இது மேப் பாக்குறப்பவே மண்டையில இருக்கணும்.

ரெண்டாவது: மலையத் தேர்ந்தெடுக்கறது

பெரிய பேர் எடுத்த உச்சி வேண்டாம். முதல் தடவைக்கு 500–600 மீட்டர் ஏத்தம், அகலமான மொட்டை முகடு, இடைவெளி விட்ட மரங்கள், இது போதும். முக்கியமா பாக்க வேண்டியது சரிவோட கோணம். பலகையா உடைஞ்சு வர்ற பனிச்சரிவுகள்ல பெரும்பாலானது 30லேந்து 45 டிகிரி சரிவுலதான் கிளம்புது. நான் திட்டம் போடுறப்ப 25க்கு மேல போகமாட்டேன், ஏன்னா மேப் சொல்றது சராசரி, நடுவுல இருக்குற சின்ன செங்குத்து அதுல தெரியாது.

மேப்லயே கோணம் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கு. 1:25,000 மேப்ல 10 மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடுன்னா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல சுமார் 0.7 மில்லிமீட்டர் இருந்தா அது 30 டிகிரி. 1:50,000 மேப்ல 20 மீட்டர் கோடுன்னாலும் அதே 0.7தான். அத விட நெருக்கமா கோடுகள் ஒட்டிக்கிட்டு இருந்தா அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க. போன் ஆப்கள்ல சரிவுக்கு கலர் அடிச்சுக் காட்டும், அதையும் பாருங்க, ஆனா ஸ்கேல் வச்சு ஒரு தடவ கையால அளந்து பாத்தவனுக்கு மலை மேல நிக்கிறப்ப கண்ணே அளக்க ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, நீங்க நிக்கிற எடம் சமதளமா இருந்தா மட்டும் பத்தாது, உங்க தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும். மேல 35 டிகிரி சரிவு, கீழ அழகான தட்டையான பள்ளத்தாக்குன்னா, மேலேந்து வர்றது எல்லாம் வந்து நிக்கிற எடம் அந்த அழகான தட்டைதான். ஒடுங்கின ஓடைப் பள்ளங்களும் அப்படித்தான், சின்னச் சரிவு வந்தாக்கூட உள்ள இருக்கறவன ஆழமாப் புதைச்சிடும்.

அந்தப் பகுதிக்கு பனிச்சரிவு அறிக்கை வெளியிடுறாங்கன்னா முந்தின நாள் சாயந்திரமும் கிளம்புற காலைலயும் படிங்க. அபாயம் 1லேந்து 5 வரைக்கும் நிலையா சொல்வாங்க. 3ன்னு பாத்தவுடனே நடுவுலதான இருக்குன்னு நெனைக்காதீங்க, அது பாஸ் மார்க் இல்ல, கோர்ஸ் முடிக்காதவங்க செங்குத்துப் பக்கம் போகக்கூடாத நாள் அது. வசந்தத்துல பல அறிக்கைகள் காலைக்கு ஒண்ணு மத்தியானத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு நிலை போடும், காலைல 1, மத்தியானம் 3ன்னு இருக்கும், பனிக் கடிகாரம்னு நான் சொல்றதத்தான் அவங்க நம்பரா எழுதி வச்சிருக்காங்க.

பனி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியணும்னா சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசமா கெடைக்கும், ஏறக்குறைய அஞ்சு நாளைக்கு ஒரு தடவ அதே எடத்தப் படம் எடுக்கும். மேகம் இல்லாத சமீபத்திய படத்தப் பாத்தா எந்தப் பக்கம் மண்ணு தெரியுது எந்தப் பக்கம் வெள்ளையா இருக்குன்னு புரிஞ்சிடும். ஸ்னோஷூவ முதுகுல கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் சேத்துல நடக்குற பாக்கியம் எங்களுக்கு ஒரு தடவ கெடச்சுது, அதுக்கப்புறம்தான் இந்தப் பழக்கம். காட்டு விலங்குகளுக்காக மூடி வச்சிருக்குற பகுதி, தனியார் நிலம் இதெல்லாம் முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, குளிர்காலம் முடியுறப்ப மானுங்க எலும்பும் தோலுமா இருக்கும், நம்மளப் பாத்து ஆழப் பனியில ஓடினா அதுக்கு உயிரே போயிடலாம்.

மூணாவது: வழியையும் நேரத்தையும் பின்னாலேந்து கணக்குப் போடுறது

தடமில்லாத மலையில ஏறுறது சுலபம், ஏன்னா எல்லா முகடும் மேல போய் ஒண்ணு சேரும், மேல பாத்து நடந்துக்கிட்டே இருந்தா உச்சி வந்துடும். இறங்குறப்ப அதே முகடு ரெண்டா பிரியும், ரெண்டு நாலாகும், மேல பத்தடி தள்ளி இறங்கினா கீழ வேற பள்ளத்தாக்குல போய் நிப்பீங்க. அதனால வழி திட்டம் போடுறப்ப முதல்ல இறங்குற வழியப் போடுங்க, அப்புறம் ஏறுற வழி. முகடு எங்கெல்லாம் பிரியுதோ அங்கெல்லாம் மேப்ல வட்டம் போட்டு அந்த எடத்தோட உயரத்தையும், இறங்குறப்ப திரும்ப வேண்டிய காம்பஸ் கோணத்தையும் பக்கத்துலயே எழுதி வச்சுக்கோங்க. காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள வித்தியாசம் எடத்துக்கு எடம் மாறும், அதையும் சேத்துக்கணும். தப்பிப் போனா தடுத்து நிறுத்துற மாதிரி ஒரு பெரிய அடையாளம், ரோடோ ஆறோ மின்கம்பி வரிசையோ, கீழ எங்க இருக்குன்னும் பாத்து வைங்க.

நேரத்துக்கு நெய்ஸ்மித் விதின்னு ஒண்ணு இருக்கு, 1892ல ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. அத கிலோமீட்டருக்கு மாத்தினா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூட ஒரு மணி நேரம். அது நல்ல தரையில நல்லா நடக்கறவங்களுக்கு. தடமில்லாத பனியில ஸ்னோஷூவோடன்னா நான் அத ரெண்டால பெருக்கிடுவேன்.

ஒரு உதாரணம் போடலாம். உச்சிக்கு 4 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம். விதிப்படி 48 நிமிஷம் கூட ஒரு மணி, ரெண்டால பெருக்கினா மூணு மணி முப்பத்தாறு நிமிஷம். இறங்க ரெண்டு மணி நேரம் வைங்க. அன்னைக்கு வெயில் தெளிவு, இறங்குற சரிவு தென்கிழக்கு, அப்ப பன்னெண்டு மணிக்குள்ள நாம கீழ இருக்கணும். அப்படின்னா உச்சிய விட்டு பத்து மணிக்கு இறங்கணும், அங்க அரை மணி உக்காரணும்னா ஒம்போதரைக்கு உச்சி, அப்ப அஞ்சு ஐம்பத்துநாலுக்கு நடக்க ஆரம்பிக்கணும். விடியறதுக்கு முன்னாடி ஹெட்லேம்ப் வெளிச்சத்துல ஸ்னோஷூ மாட்டுற கொடுமை இதனாலதான் வருது. இதுலேந்து கெடைக்கிற முக்கியமான நம்பர் பத்து மணி. பத்து மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும், உச்சி கண்ணுக்கு முன்னாடி இருவது நிமிஷ தூரத்துல நின்னாலும் சரி. அத மேப் ஓரத்துல பேனாவால எழுதுங்க, மனசுல எழுதினா மலை மேல அழிஞ்சிடும்.

நாலாவது: சாமான்

ஸ்னோஷூ அளவு உங்க எடைய மட்டும் வச்சு இல்ல, பேக், துணி, பூட்ஸ் எல்லாம் சேத்த எடைக்கு. பொதுவா 80–90 கிலோ வரைக்கும் 25 இன்ச், அதுக்கு மேல 30 இன்ச்னு வரும், ஆனா மாடலுக்கு மாடல் மாறும், அதுல போட்டிருக்கறதப் பாருங்க. மலைக்குன்னா நீளத்த விட பல்லு முக்கியம். பாதத்துக்கு அடியில கூரான இரும்புப் பல், ரெண்டு பக்க ஓரத்துலயும் ரம்பம் மாதிரி பல், இது ரெண்டும் இல்லாத தோட்டத்துல நடக்குற மாடல வச்சுக்கிட்டு உறைஞ்ச சரிவுல ஏறினா வழுக்கி வந்த எடத்துக்கே வந்துடுவீங்க. குதிகாலுக்கு அடியில தூக்கி நிறுத்துற கம்பி ஒண்ணு இருக்கும், ஹீல் லிஃப்ட்டர், நேரா மேல ஏறுறப்ப கெண்டைக்கால் அத வாழ்த்தும். (ஒரு தேவையில்லாத தகவல்: இத்தாலி ஆஸ்திரியா எல்லைப்பக்கம் ஆல்ப்ஸ் பனிப்பாறையில 2003ல கெடச்ச ஒரு ஸ்னோஷூவுக்கு வயசு 5,700 வருஷத்துக்கு மேல, பிர்ச் மரக் குச்சிய வளைச்சு கயிறு கட்டினது. அதுல லிஃப்ட்டர் இல்ல, பாவம்.)

அகலமான வட்டம் வச்ச ட்ரெக்கிங் போல் ரெண்டு, தண்ணி உள்ள போகாத பூட்ஸ், முழங்கால் வரைக்கும் கெய்ட்டர் (பூட்ஸுக்குள்ள பனி போகாம காலச் சுத்தி மூடுற உறை). உடம்போட ஒட்டுற துணி கம்பளி இல்லன்னா பாலியெஸ்டர், பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், வேர்வைய குடிச்சுட்டு ஈரத்துணியா உடம்புல ஒட்டிக்கும். வசந்தத்துல வெயிலப் பாத்து ஏமாந்து கனமான ஜாக்கெட்ட விட்டுட்டு வர்றவங்க நிறைய, உச்சியில காத்தடிக்கிறப்பவோ ஒருத்தன் கால் முறிஞ்சு உக்காந்திருக்கறப்பவோ அது ஒண்ணுதான் வேணும்.

கண்ணாடி. இது நகை மாதிரி போட்டுக்கற சாமான் இல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், அதோட ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், மெல்லிய மேகம் இருந்தாலும் தப்பிக்க முடியாது. கண்ணு வெந்து போறது உடனே தெரியாது, சாயந்திரம் வீட்டுக்கு வந்து அஞ்சாறு மணி நேரம் கழிச்சு கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரி எரியும். பக்கவாட்டுலயும் மூடுற, வகை 3 இல்லன்னா 4 (வெளிச்சத்த எவ்ளோ குறைக்குங்கற அளவு) கறுப்புக் கண்ணாடி போடுங்க. சன்ஸ்கிரீன மூக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் தடவுங்க, வெளிச்சம் கீழேந்து வருது. நான் ஒரு தடவ மூக்குத் துவாரம் வெந்து ஒரு வாரம் தும்மவே பயந்தேன்.

பனிச்சரிவு வரக்கூடிய எடத்துக்குப் பக்கத்துல போனாக்கூட ஆளுக்கு ஒரு டிரான்ஸீவர் (புதைஞ்சவரக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் தேடவும் செய்யற கருவி), புரோப் (பனிக்குள்ள குத்தித் தேடுற நீளக் கம்பி), மண்வெட்டி. ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா அது யார்கிட்டயும் இல்லாத மாதிரி. போனை டிரான்ஸீவர்லேந்து குறைஞ்சது 20 சென்டிமீட்டர் தள்ளி வைங்க, தேடுற நேரத்துல 50 சென்டிமீட்டர், இல்லன்னா சிக்னல் குழம்பும்.

எதப் பங்கு போட்டுக்கலாம்னா ரிப்பேர் சாமான் (ஜிப் டை, கயிறு, டேப், குட்டி ப்ளையர்), முதலுதவிப் பெட்டி, பெரிய எமர்ஜென்சி பை. எதப் பங்கு போடக்கூடாதுன்னா லைட், மேப், காம்பஸ், விசில், சாப்பாடு, தண்ணி, கதகதப்பு ஜாக்கெட், உக்கார ஒரு துண்டு ஃபோம் பாய். ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டா யார்கிட்ட எது இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சா இந்தப் பட்டியல் தானா வந்துடும். போன் பேட்டரி குளிர்ல சட்டுனு செத்துடும், உள் பாக்கெட்ல உடம்புச் சூட்டுல வைங்க. சிக்னல் இல்லாத எடம்னா சாட்டிலைட் மெசெஞ்சர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ பாருங்க. எந்த வழி, எத்தன மணிக்குத் திரும்புவோம், எத்தன மணிக்கு மேல தகவல் இல்லன்னா மீட்புக்குழுவக் கூப்பிடணும், இந்த மூணையும் வீட்ல ஒருத்தர்கிட்ட எழுத்தா குடுத்துட்டுப் போங்க.

அஞ்சாவது: ரெண்டு பேரும் முந்தின ராத்திரி பேச வேண்டிய பேச்சு

இத எல்லாரும் விட்டுடுவாங்க, எனக்குக் கேட்டா இதுதான் சாமான விட முக்கியம். எங்களுக்குள்ள ஒரே விதிதான், யாராவது ஒருத்தன் "திரும்பலாம்டா"ன்னு சொன்னா திரும்பணும், ஏன்னு காரணம் கேக்கக்கூடாது, கார்ல ஏறின அப்புறம் கேட்டுக்கலாம். ரெண்டு பேர் போறதுல உள்ள ஆபத்து என்னன்னா, நல்லா நடக்கறவன் முன்னாடி போவான், பின்னாடி வர்றவன் சந்தேகத்த வாயிலேந்து எடுக்கமாட்டான், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு. முன்னாடி போறவனோ, பின்னாடி இருக்கறவன் ஒண்ணும் சொல்லல, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுப்பான். பனிச்சரிவு விபத்துகள ஆராய்ஞ்ச இயன் மெக்கம்மன் இந்த மாதிரி மனசு போடுற கணக்குகளப் பட்டியலே போட்டிருக்காரு: பழகின எடம்தானேன்னு நெனைக்கிறது, ஆரம்பிச்சத முடிக்கணுங்கற பிடிவாதம், கூட வர்றவனப் பெரிய ஆளுன்னு நம்பறது, இன்னும் சில.

நாங்க அதுக்காக ஒரு பழக்கம் வச்சிருக்கோம், ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பின்னாடி வர்றவன்தான் முதல்ல பேசணும்.

"மச்சான், எப்படி இருக்கு?"

"கால் ஓகே டா. ஆனா இந்தப் பக்கம் பனி பூட்ஸ்ல ஒட்ட ஆரம்பிச்சிருச்சு, எனக்குப் பிடிக்கல."

இவ்ளோ போதும், அன்னைக்கு அவனுக்குப் பிடிக்கலன்னு சொன்னதுலதான் திரும்பினோம். சரியா தப்பான்னு தெரியாது, அதெல்லாம் தெரியாமத்தான் திரும்பணும்.

ஆறாவது: நடக்குறது

கிளம்புறப்ப லேசா குளிரணும், குளிரலன்னா பத்து நிமிஷத்துல வேர்க்கும். முதல்ல டிரான்ஸீவர் ரெண்டும் அனுப்புதா தேடுதான்னு ஒருத்தர ஒருத்தர் சோதிச்சுக்கோங்க. அப்புறம் பூட்ஸ் குதிகாலால பனிய ஓங்கி ஒரு மிதி, உள்ள போகலன்னா ராத்திரி நல்லா உறைஞ்சிருக்கு, ஓடு உடைஞ்சு கணுக்கால் வரைக்கும் போச்சுன்னா உங்க பன்னெண்டு மணி கணக்க பத்தரைன்னு மாத்திக்கோங்க.

உறைஞ்ச பனியில ஸ்னோஷூ இல்லாமலே நடக்கலாம் போல இருக்கும், ஆனாலும் சரிவுல அந்தப் பல்லுக்காக மாட்டிக்கறது நல்லது. கால்கள கொஞ்சம் அகட்டி வைங்க, ஒரு ஸ்னோஷூ மேல இன்னொன்ன மிதிச்சா முகம் பனியிலதான். பின்பக்கமா நடக்காதீங்க, ஸ்னோஷூவோட வால் பனியில குத்தி உக்காந்துடுவீங்க. சரிவுக்குக் குறுக்க நடக்குறதுதான் ஸ்னோஷூவுக்குப் பிடிக்காத வேலை, கணுக்கால் திருகும், ஒரு பக்கப் பல்லுதான் பிடிக்கும், அதனால முடிஞ்ச வரைக்கும் நேரா மேல ஏறுங்க இல்ல தட்டையான எடம் தேடிச் சுத்திப் போங்க. உறைஞ்ச செங்குத்து வந்துடுச்சு, விழுந்தா நிக்க மாட்டோம்னு தோணுச்சுன்னா அது ஸ்னோஷூ எல்லைய தாண்டிடுச்சு, அங்க கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில மாட்டுற கூரான பல் சட்டம்) ஐஸ் ஆக்ஸும் (பனியில குத்திப் பிடிக்கிற கோடாலி) வேணும், ட்ரெக்கிங் போல் வச்சு வழுக்கறத நிறுத்த முடியாது.

பொதபொதன்னு இருந்தா முன்னாடி போறவனுக்குத்தான் முழு வேலையும். பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறிக்கோங்க, மூச்சு வாங்கினதுக்கு அப்புறம் மாறுறது இல்ல, வாங்குறதுக்கு முன்னாடி. பின்னாடி வர்றவன் அதே காலடியில வச்சு அத இன்னும் கெட்டியாக்கணும், திரும்பி வர்றப்ப அதுதான் ரோடு.

காட்டுக்குள்ள ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, கிளை தாழ்ந்த ஊசியிலை மரத்தச் சுத்தி பனி கெட்டியாகாம ஒரு குழியே இருக்கும், மேல பாத்தா சமமாத் தெரியும். இன்னொண்ணு, பனிப் பாரத்துல வளைஞ்சு புதைஞ்சு போன சின்ன மரங்கள், வசந்தத்துல அதச் சுத்தி பனி இளகி உள்ள பொந்து விழுந்திருக்கும். பாறை ஓரத்துலயும் அப்படித்தான், கருப்பா இருக்கற எதுவும் வெயில்ல சூடாகி பக்கத்துப் பனிய அரிச்சிடும், ஒரு மீட்டர் தள்ளியே நடங்க. கால் உள்ள போயிடுச்சுன்னா வெடுக்குனு இழுக்காதீங்க, ஸ்னோஷூ மேல பனி மூடி உக்காந்திருக்கும், முட்டிதான் போகும். உக்காந்து கையாலயோ மண்வெட்டியாலயோ மேல இருக்கறத அள்ளிப் போட்டுட்டு மெதுவா எடுங்க. ஓடைங்க மேல பனிப்பாலம் இருக்கும், காது குடுத்துக் கேளுங்க, தண்ணி சத்தம் வந்தா போலால குத்திப் பாத்துக்கிட்டே ஒருத்தர் ஒருத்தரா போங்க, பேக்கோட இடுப்பு பக்கிள அவிழ்த்துட்டு. காலைல தாங்கின பாலம் மத்தியானம் தாங்கணும்னு எந்த ஒப்பந்தமும் இல்ல.

ஏழாவது: போகப் போக கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருக்கறது

கை மணிக்கட்டுல இருக்கறத விட காலுக்கு அடியில இருக்கறதுதான் சரியான கடிகாரம். முதல்ல மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர் இளகி நடக்க சுகமா இருக்கும், இதுதான் நாளோட நல்ல நேரம். அப்புறம் கணுக்கால் ஆழம். மரத்துலேந்தும் பாறையிலேந்தும் சின்னச் சின்னப் பனி உருண்டைங்க தானா உருண்டு சக்கரம் மாதிரி பெருசாகிக்கிட்டே கீழ போகும், பாக்க அழகா இருக்கும், ஆனா அது எச்சரிக்கை மணி. ஸ்னோஷூ போட்டும் முழங்கால் வரைக்கும் போச்சுன்னா நேரம் முடிஞ்சாச்சு, வெயில் படுற செங்குத்துச் சரிவுகளோட அடிவாரத்த விட்டு உடனே விலகணும். நடக்கறப்ப அடியில "வும்ப்"னு ஒரு கனமான சத்தத்தோட பனி அமுங்கினாலோ, காலடியிலேந்து விரிசல் ஓடினாலோ எந்த நேரமா இருந்தாலும் வந்த வழியே திரும்புங்க. சந்தேகப்படுற எடத்த ஒருத்தர் கடக்குறப்ப இன்னொருத்தர் பாதுகாப்பான எடத்துல நின்னு கண்ணு எடுக்காமப் பாக்கணும்.

எட்டாவது: முகடும் உச்சியும்

காத்து ஒரே பக்கமா அடிச்சு அடிச்சு, முகட்டோட மறுபக்கம் பனி தாழ்வாரம் மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், கார்னிஸ்னு சொல்வாங்க. மேல நிக்கறவனுக்கு அது தரை மாதிரியே இருக்கும், அடியில ஒண்ணுமே இருக்காது. உடையறப்ப ஓரத்துல மட்டும் உடையாது, நீங்க நெனைக்கிறத விட ரொம்பப் பின்னாடியிலேந்து உடையும். மரம், பாறை தெரியுற எடத்துலயே நடங்க, போட்டோ எடுக்க எட்டிப் பாக்காதீங்க.

உச்சியில வேர்வை காயறதுக்கு முன்னாடி ஜாக்கெட்ட மாட்டிட்டு, சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, இறங்குற கோணத்த காம்பஸ்ல செட் பண்ணிட்டு, அப்புறம் போட்டோ எடுங்க.

ஒம்போதாவது: இறங்குறது

ஏறின தடத்தப் பாத்தே இறங்கிடலாம்னு நெனச்சா, காலைல உறைஞ்ச பனியில ஸ்னோஷூ விட்டுப் போன தடம் வெறும் பல்லு குத்தின நாலு புள்ளிதான், வெயில் பட்டதும் அதுவும் இருக்காது. அதனால மேப்ல வட்டம் போட்ட எடம் ஒவ்வொண்ணுலயும் நின்னு உயரம் சரியா, கோணம் சரியான்னு பாத்துட்டுத்தான் அடுத்த அடி. நாங்க ஒரு தடவ பேசிக்கிட்டே இறங்கி தப்பான முகட்டுல 80 மீட்டர் கீழ போயிட்டோம், அந்த 80 மீட்டர் திரும்ப ஏறினப்ப ஒருத்தரும் பேசல.

ஹீல் லிஃப்ட்டர மடக்குங்க, மறந்தா முன்னாடி குப்புற விழுவீங்க. முட்டிய லேசா மடக்கி, எடைய பாதத்துக்கு நேர் மேல வச்சு, பல்லு முழுசாப் பதியற மாதிரி மிதிங்க. உக்காந்து சறுக்கணும்னு ஆசை வரும், கீழ என்ன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சா மட்டும், அதுவும் ஸ்னோஷூவக் கழட்டிட்டு. பல்லோட சறுக்கினா அது பனியில மாட்டி கணுக்கால் திரும்பிடும். மத்தியானப் பனி பல்லுக்கு அடியில உருண்டையா ஒட்டி ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி ஆக்கும், போலால தட்டி விட்டுக்கிட்டே வாங்க.

ஏதாவது ஆயிட்டா

பனிச்சரிவுல நண்பன் புதைஞ்சுட்டா உதவி கூப்பிட ஓடாதீங்க, நீங்கதான் உதவி. உயிர் பிழைக்கிற வாய்ப்பு முதல் பத்து பதினஞ்சு நிமிஷத்துலதான் அதிகம், அப்புறம் மளமளன்னு சரியும். இன்னொரு சரிவு வருமான்னு மேல ஒரு பார்வை, கடைசியா அவனப் பாத்த எடத்த மனசுல வச்சுக்கிட்டு டிரான்ஸீவர தேடுற நிலைக்கு மாத்தி இறங்குங்க. இத முந்தின வாரம் ஏதாவது ஒரு மைதானத்துல டிரான்ஸீவர ஒரு பையில போட்டுப் புதைச்சு ரெண்டு பேரும் பழகியிருக்கணும்.

கால் முறிஞ்சா, மேல போத்தறதுக்கு முன்னாடி அடியில போடுங்க, ஃபோம் பாய், பேக், கயிறு எது இருந்தாலும், உடம்புச் சூட்ட பனித்தரைதான் வேகமா உறிஞ்சும். பேச்சு குழறுது, தடுமாறுறான், சம்பந்தமில்லாம எரிஞ்சு விழறான்னா உடம்பு குளிர்ந்துக்கிட்டு வருது, ஈரத்துணிய மாத்தி இனிப்பா ஏதாவது குடுங்க. விசில் ஒரு நிமிஷத்துல ஆறு தடவ, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, திரும்பவும். போன், சாட்டிலைட் ரெண்டும் வேலை செய்யாம, விட்டுட்டுப் போய்த்தான் கூப்பிடணும்னா, அவன முழுசா கதகதப்பா கட்டி, எடத்தோட ஜிபிஎஸ் எண்ணை காகிதத்துல எழுதி எடுத்துட்டுப் போங்க. ரெண்டே பேர் போறதுல இதுதான் ரொம்பக் கஷ்டமான முடிவு.

வீட்டுக்கு வந்த அப்புறம்

ஸ்னோஷூவ காய வைங்க, ஆணி, பட்டை எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க, டிரான்ஸீவர அணைங்க. அப்புறம் தூக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல எழுதுங்க: எத்தன மணிக்கு கிளம்பினோம், எத்தன மணிக்கு எந்த உயரத்துல இருந்தோம், கணுக்கால் ஆழம் எப்ப வந்துச்சு, முழங்கால் எப்ப, ராத்திரி மேகம் இருந்துச்சா, சரிவு எந்தப் பக்கம். நாலஞ்சு தடவ எழுதினீங்கன்னா நெய்ஸ்மித் கணக்க ரெண்டால பெருக்கணுமா ஒன்னேமுக்காலால பெருக்கணுமான்னு உங்க ரெண்டு பேருக்குன்னு ஒரு நம்பர் கெடைக்கும். எங்களோடது இப்போதைக்கு 2.2, நண்பன் போட்டோ எடுக்குறத நிறுத்தினா 1.9 ஆகலாம்.